அடிவாரம் வரை வந்த விடை

“சைபர் போடுங்க மேடம்” என்று சீஃப் எக்ஸாமினர் சொன்னதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் விடைத்தாள் திருத்தும் முகாம். டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் ஒன்றை லாப்லாஸ் முறையில் தீர்க்க வேண்டும். கடைசியில் இன்வர்ஸ் எடுக்கும்போது கன்வல்யூஷன் தேற்றத்தைப் பயன்படுத்தச் சொல்லிக் கேள்வி. என் கையிலிருந்த தாளில் பிள்ளை பார்ஷியல் ஃபிராக்ஷனில் பிரித்துப் போட்டிருந்தது. விடை அழகாகச் சரி, ஆனால் வழி வேறு. வருஷா வருஷம் பிள்ளைகள் விழுகிற குழிதான் இது.

கேள்வியை மறுபடி படித்திருக்கும் போலிருக்கிறது. விடைக்குக் கீழே அவசர அவசரமாகக் கன்வல்யூஷன் இன்டக்ரலை அமைத்திருந்தது. t வரும் இடத்தில் t-u என்று மாற்றுவதை எல்லோரும் கோட்டை விடுவார்கள், இது விடவில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது போல. பாதியில் பேனா இழுத்த கோடு மட்டும் இருந்தது.

இந்தப் பகுதிக்குச் சைபர் போட்டால் பிள்ளை ஃபெயில். கொஞ்சம் கிடைத்தாலும் பாஸ்.

கட்டுத் தூக்கும் ஏழுமலை வாசலில் நின்று, “மேடம், வேனு வந்து நின்னுகினு கீது. பண்டலக் கட்டிர்லாமா?” என்றார்.

“கொஞ்சம் இருப்பா” என்று சொல்லிவிட்டு சீஃபிடம் திரும்பினேன். “சார், செங்கல்பட்டுலேந்து மாமல்லபுரம் வரச் சொன்னோம். புள்ள வந்து சேந்துட்டுதே.”

“திருக்கழுக்குன்றம் வழியா வரச் சொன்னோம் மேடம். மலையப் பாத்துட்டு வரட்டும்னுதான் அந்த வழி. இது கேளம்பாக்கம் சுத்தி வந்துருக்கு.”

அவர் சொன்னது நியாயம். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. தாளை அவர் முன்னால் வைத்து, அந்த அரைகுறை இன்டக்ரலைத் தொட்டுக் காட்டினேன்.

“அப்புறம் திரும்பிப் போயிருக்கு சார். அடிவாரம் வரைக்கும் போயிடுச்சு. ஏறத்தான் நேரமில்ல.”

சீஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்த t-u-வை வெகுநேரம் பார்த்தார். “சரி, அடிவாரத்துக்கு உண்டான ஸ்டெப் மார்க்கப் போடுங்க. உச்சிக்குக் கெடையாது.”

“இன்னா சார், மலை ஏறாமலே பாஸா?” என்றார் ஏழுமலை. மூவரும் சிரித்துவிட்டோம்.

தாளில் பதிவெண்ணை மறைத்து டம்மி நம்பர்தான் இருக்கும் என்பதால் அது யார், பையனா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. இப்போது ஓய்வு பெற்று ஊரப்பாக்கத்தில் இருக்கிறேன். அந்த முகாம்களையும் ஏழுமலை கொண்டுவரும் டீயையும் நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில், கழுத்தில் கம்பெனி அட்டையோடு யாராவது, “மேடம், என்னத் தெரியுதா?” என்று வந்தால், ‘நீதானா அது?’ என்று கேட்க வாயெடுப்பேன். கேட்டதில்லை.

புதிதாகத் திருத்தப் போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். விடையைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அதற்குக் கீழே ஒரு பிள்ளை திரும்பி ஓடியிருக்கலாம்.