கணக்காளர் ரேவதிக்கு வேலை நிரந்தரமான விதம்

நம் தெருவில் நான்கு கடைகளுக்குக் கணக்கு எழுதிவந்த ரேவதி, சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் இறந்துபோனார். டெங்கு காய்ச்சல். வயது இருபத்தெட்டு.

நான் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய அம்மா தனம் போன் செய்தார். அழவில்லை. "அண்ணாச்சி, ரேவதி செத்துட்சி. ஆஸ்பத்திரில கையெழுத்து போட ஆம்பள ஆளு வோணும்னு சொல்றாங்க. வர்றீங்களா?" என்றார். தூக்கிய ஷட்டரை இறக்கிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

நம் வியாபாரிகள் சங்க இதழில் அஞ்சலி எழுதுவது முதலாளிமார்களுக்குத்தான் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. கணக்கு எழுதியவருக்கு இதுவரை யாரும் எழுதியதில்லை. நான் கேட்டு வாங்கி எழுதுகிறேன். நான் பாத்திரக்கடைக்காரன், எழுதிப் பழகியவன் இல்லை. கடையில் அவரை "ஏம்மா" என்றும் "தாயி" என்றும் கூப்பிட்டேன். இங்கே அவர் என்றே எழுதுகிறேன். அந்த மரியாதைக்காகத்தான் அவர் அவ்வளவு அலைந்தார்.

ரேவதி சைதாப்பேட்டையில் ஆற்றோரத்தில் பிறந்தவர். அப்பா மார்க்கெட்டில் மூட்டை இறக்கியவர், சீக்கிரமே போய்விட்டார். தனம் அடையாறில் அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்து மகளை பி.காம். வரை படிக்க வைத்தார். மகள் கடைசி வருடம் படிக்கும்போது ஆற்றோர வீடுகளை இடித்து, அந்த ஜனங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து நகரத்துக்குள் வந்து சேர இரண்டு பஸ் மாற வேண்டும்.

அவரை நான் முதலில் பார்த்தது ஒரு சாயங்காலம். பகுதி நேரத்துக்குக் கணக்கு எழுத ஆள் வேண்டுமா என்று கடை கடையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். நமக்குத் தெரிந்ததுதான், கணக்குக்கு நாம் ஊர்ப்பக்கத்து ஆளைத்தான் வைப்போம். கல்லா நிலவரம் தெரிந்தவன் வாய் நமக்குள்ளேயே இருக்க வேண்டும். அதனால், "யாரும்மா உன்னைய அனுப்புனது?" என்று கேட்டேன்.

"அனுப்ற மாதிரி ஆளு இருந்தா நான் ஏன் அண்ணாச்சி இப்டி சுத்திக்கினு கீறேன்?" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அதற்காகச் சம்பளத்தைக் கூட்டிவிடவில்லை. அவர் ஆறாயிரம் கேட்டார், நான் நாலு என்றேன், ஐந்தில் முடிந்தது. தினமும் மாலை ஆறிலிருந்து எட்டரை வரை. பில் பதிவது, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவது, பேங்க் கணக்கைச் சரிபார்ப்பது. தர்மத்துக்கு நான் யாருக்கும் வேலை கொடுத்ததில்லை, அவருக்கும் கொடுக்கவில்லை. வேலை சுத்தமாக இருந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் என்னிடம் விசாரித்துவிட்டு ஒவ்வொருவராக அவரை அமர்த்திக்கொண்டார்கள்.

பகலில் அவர் மயிலாப்பூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தார். அங்கே மாதம் ஏழாயிரம். அதற்குப் பெயர் பயிற்சிச் சம்பளம். இரண்டு வருடம் ஆகியும் பயிற்சி முடியவில்லை, சம்பளமும் ஏறவில்லை. தனத்துக்கு முழங்கால் தேய்ந்து மாடி ஏற முடியாமல் போய், ஒவ்வொரு வீடாக வேலையை விட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் ஒரு நிரந்தரச் சம்பளம் வந்தே ஆக வேண்டும். ரேவதி வேலை தேடினார். தேடியதைச் சொல்வதென்றால் அதுவே ஒரு புத்தகம் ஆகும். அனுபவம் கேட்டார்கள். ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருடம் என்றால், அது பயிற்சிதானே என்றார்கள். கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன் என்றால், சம்பளச் சீட்டு எங்கே என்றார்கள். நாம் கையில் காசு கொடுக்கிறவர்கள், சீட்டுக்கு அவர் எங்கே போவார்? வேலை வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்சி இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு, ஆள் எடுத்து முடித்துவிட்ட கம்பெனிகளாகப் பார்த்து அனுப்பியது. ஒவ்வொரு இன்டர்வியூவுக்கும் அரை நாள் லீவு, அரை நாள் சம்பளம் பிடித்தம்.

ஓர் இடத்தில் பெரும்பாக்கம் விலாசத்தைப் பார்த்ததும், அவ்வளவு தூரத்திலிருந்து நேரத்துக்கு எப்படி வருவீர்கள் என்று கேட்டார்களாம். அதே ஆபீஸில் செங்கல்பட்டிலிருந்து ரயிலில் வருகிறவர் இருந்தாராம். தூரம் இல்லை பிரச்சினை என்று ரேவதிக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு விண்ணப்பத்தில் சைதாப்பேட்டைப் பழைய விலாசத்தையே எழுதினார். அந்த வீடு இடித்தாகிவிட்டதே என்றேன்.

"இடிச்ச வூட்டுக்குக் கீற மரியாத இப்ப குந்திக்கினு கீற வூட்டுக்கு இல்ல அண்ணாச்சி" என்றார், பில்லைப் பதிந்துகொண்டே.

ஒருவழியாக அடையாறில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் கிடைத்தது. மாதம் இருபத்திரண்டாயிரம். புதன்கிழமை போன் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் அசல் சான்றிதழ்களோடு வந்து சேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். அசல் எல்லாம் மயிலாப்பூர் ஆடிட்டரின் பீரோவில் இருந்தது. சேரும்போதே வாங்கி வைத்துக்கொள்வது அந்த ஆபீஸின் வழக்கம். பாதியில் ஓடாமல் இருப்பதற்கு. வியாழக்கிழமை முழுக்க ரேவதி கெஞ்சிப் பார்த்தார். மூன்று மாத நோட்டீஸ், இல்லையென்றால் மூன்று மாதச் சம்பளம் என்று சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் என்னிடம் வந்து சொன்னார். அதுவரை அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. உதடு மட்டும் காய்ந்திருந்தது. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவரோடு மயிலாப்பூருக்குப் போனேன். ஆடிட்டர் மரியாதையான மனிதர், மோர் கொடுத்தார். எவ்வளவு குறைப்பீர்கள் என்று நேராகவே கேட்டேன்.

"இது வியாபாரம் இல்லீங்க" என்றார்.

"பொருள் உங்க பீரோவுல இருக்கு, விலையும் சொல்லிட்டீங்க. பெறகு இதுக்கு வேற என்னய்யா பேரு?" என்றேன்.

சிரித்துவிட்டார். அதன் பிறகு பேச்சு எளிதாகிவிட்டது. மூன்று மாதம் இரண்டாகி, இரண்டு ஒன்றரையாகி, ஒரு மாதச் சம்பளத்தில் வந்து நின்றது. பணத்தை நான் தருவது, ரேவதியின் சம்பளத்தில் மாதாமாதம் கழித்துக்கொள்வது. மணி நாலுகூட ஆகவில்லை. அடையாறுக்கு ஆட்டோவில் எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

ஆடிட்டர் எழுந்து கை கூப்பினார். "நாளைக்குக் காலைல வந்து வாங்கிக்குங்க. வெள்ளிக்கிழமை பீரோவுலேருந்து எதையும் வெளிய கொடுக்கறதில்ல" என்றார்.

நானும் வெள்ளிக்கிழமை கைக்காசு வெளியே கொடுப்பதில்லை. எங்கள் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். பணத்தை நாளைக்குத் தருகிறேன் என்று சொல்வதற்குத்தான் நானும் வாயெடுத்திருந்தேன். எனக்கும் அவருக்கும் ஒருவரையொருவர் நன்றாகவே புரிந்தது. ரேவதி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெளியே வந்து அந்தக் கம்பெனிக்குப் போன் செய்து, நாளைக் காலை முதல் வேலையாக வருவதாகச் சொன்னார். வாருங்கள், பார்க்கலாம் என்றார்களாம்.

சனிக்கிழமை காலை பணம் கைமாறியது, சான்றிதழ்கள் கைக்கு வந்தன. பத்து மணிக்கு அடையாறு போய்ச் சேர்ந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலமே பட்டியலில் அடுத்திருந்த பையனைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை மாலை வழக்கம்போல என் கடைக்கு வந்தார். உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டார். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அப்போதுதான் சொன்னார்: "உங்க லட்சுமி உங்க கல்லாவுல பத்திரமா கீது. அவரு லட்சுமி அவரு பீரோவுல பத்திரமா கீது. என்னோடதுதான் அண்ணாச்சி, ரோட்ல நின்னுச்சி."

கழித்துக்கொள்வதாகப் பேசிய பணத்தை அவர் சம்பளத்தில் நான் பிடிக்கவில்லை. அவர் விடவில்லை. ஏழு மாதம் ஆயிரம் ஆயிரமாகக் கல்லா மேல் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

ஆடிட்டர் ஆபீஸும் போய், அடையாறும் போய், அடுத்த ஒரு வருடம் நம் தெருவின் நான்கு கடைகளை வைத்தே குடும்பத்தை ஓட்டினார். போன ஏப்ரலில் தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்காளர் வேலை கிடைத்தது. இருபத்து நாலாயிரம். ஆறு மாதம் தகுதி பார்ப்பார்கள், பிறகு நிரந்தரம். அசல் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திருப்பிக் கொடுத்தார்களாம். அதை ஓர் அதிசயம் போல வந்து சொன்னார். என் கடைக் கணக்கை மட்டும் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாக ஏற்பாடு. தனத்தைக் கடைசி வீட்டு வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டார்.

செப்டம்பரோடு ஆறு மாதம் முடிந்தது. கடிதம் வரவில்லை. மேனேஜரிடம் கேட்டதற்கு, ஆடிட் முடியட்டும், சேர்த்துப் போட்டுவிடலாம் என்றாராம். அந்த ஆடிட் சமயத்தில்தான் மழையும் வந்தது, பெரும்பாக்கத்தில் தண்ணீர் நின்றது, காய்ச்சலும் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்து, இன்று வர முடியாது என்றார். குரல் கிணற்றிலிருந்து வருவது போல இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போ தாயி. கணக்கு எங்க ஓடிரப் போவுது?"

"நாளைக்கு ஆடிட்டுக்கு கடைசி நாளு அண்ணாச்சி. இப்ப லீவு போட்டா லெட்டரத் தள்ளிப் போட்ருவானுங்க. ஒரு தபா தள்ளிப் போனா என்னா ஆவும்னு எனக்குத் தெரியும்."

எந்தத் தபாவைச் சொல்கிறார் என்று எனக்கும் தெரிந்தது. திங்கட்கிழமை மாலை வரை வேலை செய்து, ஆடிட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாப்பில் விழுந்தார். யாரோ அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். விடியும்போது எல்லாம் முடிந்திருந்தது.

காரியம் முடிந்த பிறகு தனமும் நானும் தேனாம்பேட்டைக்குப் போனோம். மாடியில் கண்ணாடி அறை. மேனேஜர் ஒருவர், ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருவர். அந்தப் பெண் உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். நிரந்தர ஊழியர் இறந்தால் குடும்பத்துக்கு ஒரு வருடச் சம்பளம் கொடுப்பது அவர்கள் கம்பெனி வழக்கம். ஆனால் ரேவதி நிரந்தரம் ஆகவில்லையே என்றார். அதோடு, தகுதி பார்க்கும் காலத்தில் நோட்டீஸ் இல்லாமல் நின்றால் சம்பளத்தைப் பிடிக்கும்படி கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள், அது பிடித்துவிட்டது என்றும் சொன்னார்.

"செத்துப் போனவ நோட்டீஸ் குடுக்கலன்னு பிடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தனம் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "துட்டு கெடக்கட்டும்மா. எம் பொண்ணு இங்க கணக்காளரா கீறா, வேலை நிரந்தரம்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. அதுக்குத்தான் அது காச்சலோட வந்துச்சி" என்றார்.

இறந்தவரை எப்படி நிரந்தரம் ஆக்குவது என்று மேனேஜர் கேட்டார். அங்கேதான் நான் பிடித்துக்கொண்டேன். "ஆறு மாசம்னு எழுதிக் குடுத்தது நீங்க. அது முடிஞ்ச பெறகும் வேலை வாங்கியிருக்கீங்க, வேண்டாம்னும் சொல்லல, தள்ளிப் போடுதோம்னும் சொல்லல. அப்ப உசுரோட இருக்கும்போதே அவ நிரந்தரமாயிட்டா. சாவு அதுக்குப் பெறகுதான் வந்துது. நாள் வரிசைய நீங்களே பாருங்க" என்றேன்.

இரண்டு பேரும் எழுந்து உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். அரை மணி நேரம் பேரம் நடந்தது. முடித்துக்கொண்டு வெளியே வந்தபோது அண்ணா சாலையில் ஆபீஸ் விட்டுப் பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டையோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். பாதிப் பேர் கணக்குப் படித்தவர்களாகத்தான் இருப்பார்கள். தனம் அவர்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

ரேவதி, போய் வாருங்கள். உங்களுக்காக நான் பேசி முடித்ததை இங்கே எழுதிவிடுகிறேன். செப்டம்பர் முடிந்த மறுநாளிலிருந்து நீங்கள் அந்தக் கம்பெனியின் நிரந்தரக் கணக்காளர் என்று கடிதம், முத்திரையோடு, உங்கள் அம்மா கையில். பிடித்த சம்பளம் பிடித்தம் இல்லாமல் திரும்ப. ஒரு வருடச் சம்பளம் கேட்டேன், அவர்கள் ஆறு மாதம் என்றார்கள், எட்டு மாதத்தில் முடிந்தது. ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம், தனம் பெயரில் இரண்டு காசோலை. பதிலுக்கு, காய்ச்சலோடு வேலை வாங்கியதைப் பற்றி எங்கேயும் புகார் கொடுப்பதில்லை, கம்பெனியின் பெயரை எங்கேயும் எழுதுவதில்லை என்று நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.