சுண்ணாம்பு விரல்

தண்டலத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பஸ்ஸில் அந்தக் கண்டக்டரைத் தினமும் பார்ப்பேன். ஒல்லியான உருவம், வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். இடது ஆள்காட்டி விரல் நுனியில் எப்போதும் ஈரச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும்.

1991இல் ஒருநாள், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக மஞ்சள் நீரில் தோய்த்துக் காயவைத்த காகிதத் துண்டுகளைக் கொண்டுபோனேன். "இன்னாது, பாஸா?" என்று ஒன்றை வாங்கிப் பார்த்தவர் அலறினார். அவர் விரல் பட்ட இடம் செக்கச்செவேலென்று இருந்தது.

"ஐயோ, ரத்தம்! விரலைக் கிழிச்சிக்கினேன் போல!"

"ரத்தம் இல்லண்ணா. மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா செவந்துடும். சோப்பு பட்டாலும்தான்."

அவ்வளவுதான். "யாராண்ட சோப்பு கீது?" என்று பஸ் முழுக்கக் கூவினார். ஒரு பையிலிருந்து துணிசோப்பு வந்தது, நான் கேட்டதும் இன்னொன்றிலிருந்து எலுமிச்சம்பழம். சிவந்த காகிதம் எலுமிச்சைச் சாறு பட்டு மறுபடி மஞ்சளானபோது பஸ்ஸே கைதட்டியது. நான் இறங்கும்போது ஒரு துண்டுகூட மிச்சமில்லை. கண்காட்சியில் வெறும் மேசைக்குப் பின்னால் நின்றேன்.

மறுநாள் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் ஏறினேன். அவரோ, கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் அந்த விரலை நீட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"மஞ்சள் தடவுன மூலைதானே நைனா... ஒரேவாட்டி தொட்டுக்கிறேன்!"