ஹேர் கிளிப் போட்டு வந்த புத்தகம்

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஐப்பசி மழையில், புதுப்பட்டினத்தைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் என் பைக் சறுக்கியது. வலது முட்டிச் சில்லு உடைந்துவிட்டது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, கம்பி வைத்துக் கட்டினார்கள். புண் ஆற நாளானதால் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா, அணுசக்தித் துறை ஊழியர்கள் குடியிருக்கும் அணுபுரம் குவார்ட்டர்ஸில் வீடு வீடாக மீன் விற்கிறவர். டிகிரி முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நான் கட்டிலில் கிடக்கும்போதே அந்தத் தேர்வு நடந்து முடிந்துவிட்டது. அதற்கப்புறம் எதிலும் பிடிப்பில்லாமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். வீட்டிலிருக்கும் தேர்வுப் புத்தகங்களை என் கண்ணில் காட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன்.

பிசியோதெரபி அக்கா தினமும் வருவார். குதிகாலை மெத்தையில் இழுத்து இழுத்து முட்டியை மடக்கச் சொல்வார். உயிர் போகிற வலி. நாளைக்குச் செய்கிறேன், நாளைக்குச் செய்கிறேன் என்றே ஓட்டினேன். கடைசியில் அவர் அம்மாவைக் கூப்பிட்டு, இப்போது மடக்காவிட்டால் முட்டி இறுகிவிடும், ஆயுசுக்கும் விறைத்த காலோடுதான் நடக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். அம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று. நான் அதற்கும் அசையவில்லை.

படிக்கிற பிள்ளை, கையில் புத்தகம் இல்லாமல்தான் வாடுகிறான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். வீட்டிலிருக்கிற பழைய புத்தகத்தைத்தானே வேண்டாம் என்கிறான், புதிதாக வாங்கிக் கொடுப்போம் என்று நேராகப் புதுப்பட்டினத்தில் பழைய பேப்பர் வாங்குகிற காயலான் கடைக்குப் போயிருக்கிறார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நல்ல புத்தகத்துக்கு அவரிடம் சில அளவுகோல்கள் இருந்தன: குண்டாக இருக்க வேண்டும், இங்கிலீஷாக இருக்க வேண்டும், உள்ளே படம் இருக்கக் கூடாது. கடைக்கார பாயும், "தைரியமா எடுத்துக்கினு போம்மா, அணுபுரம் குவார்ட்டர்ஸ்ல இருந்து வந்த புக்கு. சயின்டிஸ்ட்டு வூட்டு சரக்கு" என்று சான்றிதழே கொடுத்துவிட்டார்.

அம்மா கொண்டுவந்ததை வாங்கிப் பார்த்தேன். கறுப்பு அட்டையில் நிலா, அதன் கீழே வெளிறிய முகத்தோடு ஒரு அழகான பையன்.

பள்ளிக்கூடப் பெண்கள் படிக்கிற பேய்க் காதல் கதை அது. பனி பெய்யும் ஏதோ ஒரு ஊர். அங்கே புதிதாகக் குடிவரும் ஒரு பெண். பள்ளியில் பின்வரிசைப் பையன் ஒருவன். அவன் ரத்தம் குடிக்கிற இனம், வயது இருநூறு. யாராவது "உள்ளே வா" என்று கூப்பிடாமல் எந்த வீட்டு வாசலையும் அவனால் தாண்ட முடியாது. அவள் ஜன்னலுக்கு வெளியே பனியில் வந்து நிற்பான். அவள் கூப்பிட மாட்டாள்.

கர்மம் என்று மூடிவைத்துவிட்டுத்தான் படுத்தேன். ஆனால் பொழுது போகவில்லை. ஒரு பக்கம் புரட்டினேன். அகராதி தேவைப்படாத இங்கிலீஷ். ஒவ்வொரு அத்தியாயமும், அவள் வாயைத் திறக்கப்போகிற இடத்தில் முடிந்துவிடும். பிறகு எப்படிக் கீழே வைப்பது? அதுவரை நான் படித்த எல்லாப் புத்தகமும் மார்க்குக்காகத்தான். தப்பாகப் படித்தாலும் ஒன்றும் குறையாத ஒரு புத்தகத்தை முதன்முறையாகக் கையில் வைத்திருந்தேன். பசியையும் ஆசையையும் அடக்கிக்கொண்டு ஒருத்தன் வாசலிலேயே நிற்பதைப் படிக்கும்போது, சொன்னால் சிரிப்பீர்கள், என் வலிகூடக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றது.

வெட்கமாகத்தான் இருந்தது. தினத்தாளைக் கிழித்து அட்டை போட்டுக்கொண்டேன். அம்மா அதற்குள் வார்டு முழுக்க, "எம் புள்ள பேங்கு பரிச்சைக்குப் படிச்சிகினு கீறான்" என்று சொல்லிவிட்டார். பக்கத்துக் கட்டில் லாரி டிரைவர் அண்ணன் எனக்காகப் போனில் பாட்டை நிறுத்தினார். எதிர்க்கட்டில் பெரியவர் இருமலைக்கூட அடக்கிக்கொண்டார். அத்தனை பேரும் காத்த அமைதியில் நான் முத்தக் காட்சி படித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பாகமும் அதே கடையில் கிடைத்தது. அட்டையில் அதே பையனைப் பார்த்து அம்மாவே எடுத்துவந்தார். மூன்றாவதுதான் கடைசிப் பாகம், அது அங்கே இல்லை. நான் மறுபடியும் சுவர் பக்கம் திரும்பிவிட்டேன். புத்தகங்கள் வந்த வீடு எது என்று பாயிடம் விசாரித்துக்கொண்டு, அம்மா மீன் கூடையோடு அந்தக் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டியிருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி திறந்திருக்கிறாள். பரீட்சை வருகிறது என்று அவளுடைய அம்மா கதைப் புத்தகங்களையெல்லாம் எடைக்குப் போட்டபோது, கடைசிப் பாகத்தை மட்டும் அவள் துணிகளுக்கு நடுவே ஒளித்துவைத்துக்கொண்டாளாம்.

மறுநாள் அம்மா வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு எல்லாத்தையும் சொல்லிடிச்சி" என்றார்.

தினத்தாள் அட்டை போட்ட புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன்.

"பேங்கு புக்கு இல்லியாமே. ஏன்டா நைனா எங்கையில சொல்லல?"

"நீ சந்தோஷமா இருந்தம்மா. அதான்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"செரி, அந்தப் பையன அவ உள்ள கூப்ட்டாளா இல்லியா?"

பிறகு பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தார். சிவப்பு, பச்சை, பூப் போட்டது, பட்டாம்பூச்சி வைத்தது என்று விதவிதமான ஹேர் கிளிப்புகள் அதில் மாட்டியிருந்தன. ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனித்தனியாக மூடி, அந்தப் பெண் தன் தலைக்குப் போடும் கிளிப்பை மாட்டி அனுப்பியிருந்தாள். அம்மா என் காலைப் பற்றிச் சொல்லி அழுதபோது அவளுக்குத் தோன்றிய யோசனையாம். "மொத்தமா குடுத்தா ஒரே நாள்ல முடிச்சிடுவாங்க ஆன்ட்டி. முட்டிய மடக்கினா மட்டும் ஒரு கிளிப்பக் கழட்டுங்க. படிக்காம இருக்கவே முடியாது, எனக்குத் தெரியும்" என்றாளாம்.

புத்தகம் பிசியோதெரபி அக்காவின் கைக்குப் போய்விட்டது. நேற்றைவிட இன்று கொஞ்சம் அதிகமாக மடக்கினால் ஒரு கிளிப் கழலும். கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன். அக்கா அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினேன். கண்ணில் நீர் கொட்டக் கொட்ட ஒரு அத்தியாயம் படிப்பேன். ரகசியம்தான் உடைந்துவிட்டதே, அதை அப்படியே தமிழில் அம்மாவுக்குச் சொல்வேன். வார்டே காதைத் தீட்டிக்கொண்டது. லாரி டிரைவர் அண்ணனுக்கு மட்டும் கதாநாயகனைப் பிடிக்கவில்லை. "இருநூறு வயசாவுது, இன்னும் ப்ளஸ் டூ தாண்டல. இவனுக்கு இன்னா இவ்ளோ பந்தா?" என்பார். ஆனாலும் என் பயிற்சி நேரம் வந்தால், "மடக்குபா சீக்கிரம், அவ கூப்ட்டாளான்னு தெரியணும்" என்று முதலில் அவசரப்படுத்துவதும் அவர்தான்.

கடைசிக் கிளிப் கழன்ற அன்று அவள் அவனை உள்ளே கூப்பிட்டாள். அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டிதான" என்றார். என் முட்டி அதற்குள் முக்கால்வாசி மடங்கியிருந்தது. மீதி வீட்டிலேயே சரியாகிவிடும் என்று அக்கா சொன்னார்.

கைத்தடி இல்லாமல் நடக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாக, கிளிப்புகளை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு, புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க அணுபுரம் போனேன். மாடி வீடு. ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினேன். அவள்தான் கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்தாள். நன்றி சொல்ல வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன், புத்தகத்தையும் டப்பாவையும் நீட்டியதோடு சரி. அவள் புத்தகத்தை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ரகசியக் குரலில் கேட்டாள்:

"எந்த கிளிப்ல ரொம்ப அழுதீங்க?"

வலியைச் சொல்வதா கதையைச் சொல்வதா என்று தெரியாமல் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அவ்வளவுதான் நாங்கள் பேசியது.

அடுத்த வருடம் தேர்வு எழுதி, இப்போது ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்த புத்தகங்கள் நிறைய. ஆனால் வேலைக்கு நடந்து வரவைத்தது, பெரியவர்கள் குப்பை என்று எடைக்குப் போடுகிற ஒரு கதைதான். அதைப் பிரிய மனசில்லாமல் ஒளித்துவைத்திருந்தும், முகம் தெரியாத ஒருத்தனுக்காக அதை எடுத்துத் தன் தலைக் கிளிப்புகளையெல்லாம் மாட்டிக் கொடுத்த அந்தப் பெண்ணுக்கு என் நன்றி முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.