வண்ணக்காரர் வாய் திறந்த நாள்

அலுவலகத்தில் அவரை வண்ணக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வெப்சைட்டுக்கு நிறம் தேர்ந்தெடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று பெயர். பாவம், அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான் என்பது மனைவிக்கு மட்டுமே தெரியும். இத்தனை வருடம் அவரைக் காப்பாற்றியது, பார்வைக் குறை உள்ளவர்களாலும் பக்கத்தைப் படிக்க முடியுமா என்று சோதிக்கும் ஓர் இலவச டூல். நிறத்துக்குக் கம்ப்யூட்டரில் உள்ள எண்ணைக் கொடுத்தால், எழுத்து எடுப்பாகத் தெரியுமா என்று அதுவே சொல்லிவிடும். மற்றதெல்லாம் வாய்ச் சாமர்த்தியம்.

அன்று அந்த டூலே கழுத்தை அறுத்தது. ஒரு மருத்துவமனைக்காகச் செய்த ரத்தப் பரிசோதனை முடிவுப் பக்கத்தை நோயாளிகளுக்குத் திறந்துவிட வேண்டிய நாள். அங்கிருந்து ஒரு டாக்டரம்மா வந்து உட்கார்ந்திருந்தார். நிறங்களைக் கடைசி நேரத்தில் மேனேஜரே ஆசைப்பட்டு மாற்றியிருந்தார். டூலை ஓட்டிக் காட்டினார். ஒரு பிழைகூட இல்லை.

"மோசமான ரிசல்ட் சிவப்புல, நல்லது பச்சையில. பாத்ததும் தெரிஞ்சிடும்" என்றார்.

வண்ணக்காரர் பார்த்தார். வரிசையாக எண்கள், எல்லாம் ஒரே நிறம். எது ஆபத்து என்று ஒரு மண்ணும் புரியவில்லை. எழுத்து எடுப்பாக இருந்தால் டூலுக்குப் போதும். சேதியே நிறத்தில்தான் இருக்கிறதென்று அதற்கு எப்படித் தெரியும்? தன்னைப் போல ஒருவர் இதைப் பார்த்து, எல்லாம் நல்லபடியாக இருக்கிறதென்று பேசாமல் இருந்துவிட்டால்? ஆனால் சொன்னால் குட்டு வெளிப்படும், வேலை போகும். வாயைத் திறந்துவிடாதீர்கள் என்று மனைவி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"அப்போ திறந்துடலாமா?" மேனேஜரின் விரல் மவுஸ் மேல் இருந்தது.

"வேணாம் சார்!" கத்தியது தான்தானா என்று அவருக்கே சந்தேகம். "எது மோசம்னு எனக்குத் தெரியல. சிவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதான் சார். பொறந்ததுலேருந்தே."

மேனேஜர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"ஆம்பளைங்கள்ல நிறைய பேருக்கு இருக்கே. எனக்கே தோணலை பாருங்க!" என்றார் டாக்டரம்மா. "பக்கத்துல அதிகம், குறைவுன்னு எழுத்துல போடுங்க. அதுவரைக்கும் திறக்காதீங்க."

அவர் போனதும் மேனேஜர் கதவைச் சாத்தினார். "இத்தனை வருஷமா எங்க கண்ணுல மண்ணைத் தூவியிருக்கீங்க. கலர் வேலையை இனிமே வேற ஆள் பாக்கட்டும்."

வண்ணக்காரர் மாடிப்படியில் நின்று மனைவிக்கு போன் செய்தார். "சொல்லிட்டேன்."

"அட பாவி மனுஷா! வேலை?"

"இருக்கு. கலரை மட்டும் பிடுங்கிக்கிட்டாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. "எங்கிட்ட எப்பவுமே இல்லாததைத்தான் எடுத்துக்கிட்டாங்க. அதுக்குப் போய் ஏன்டி இப்படி வலிக்குது?"