அக்கா வராத நிகழ்ச்சி

தொலைக்காட்சியில் தயாரிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் நான் கவிதை எழுத ஆரம்பித்தேன். சத்துவாச்சாரி வீட்டு மாடியில் பேனாவோடு உட்கார்ந்தால், "காலம் போன காலத்துல கவிதையா?" என்று மனைவி காபியை வைத்துவிட்டுப் போவாள். அவள் கேட்பதும் நியாயம்தான். அடுத்தவர் பேச்சை வெட்டி ஒட்டியே பிழைப்பு நடத்தியவன் நான்.

வெட்டியதில் ஒன்று மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. ஷூ கம்பெனிப் பெண்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி எடுத்தபோது, மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஆம்பூருக்குத் தையல் வேலைக்குப் போய்வந்த என் அக்காவையும் பேச வைத்தேன். என்னைப் படிக்க வைத்ததே அவளுடைய அந்த வேலைதான். எதைக் கேட்டாலும் சற்று யோசித்துத்தான் பதில் சொல்வாள். அரை மணி நேர நிகழ்ச்சியில் அதற்கெல்லாம் ஏது இடம்? அவள் பேசியதை மொத்தமாக வெட்டிவிட்டேன். அவளிடம் சொல்லக்கூடத் தைரியம் வரவில்லை. அவளோ தெருவுக்கே சொல்லி வைத்திருந்தாள்.

அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சண்டை போட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன். அன்றிலிருந்து அவள் முகத்தை நேராகப் பார்க்கக் கூச்சம்.

போன மாதம் அதையே கவிதையாக எழுதினேன். அவளுக்குப் படித்துக் காட்டாமல் அச்சுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. மாதனூர் போனபோது மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்தேன். மன்னிப்பாளா என்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதையா இத்தன வருசமா மனசுல வச்சினு இருந்த?" என்றாள். "டிவில நான் வரலன்னதும், பாக்க வந்த கூட வேல செய்றவளுங்க எழுந்துட்டாளுங்க. இருங்கடி, கடைசில எங்க தம்பி பேரு வரும்னு ஒக்கார வச்சேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கத் தோன்றவில்லை.

"ஒரு கொறதான்டா எனக்கு," என்றாள் அக்கா, அடுத்த காயை எடுத்தபடி. "உன் பேர நான் எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள போய்டுச்சி. இன்னும் கொஞ்ச நேரம் அத வுட்டிருக்கக் கூடாதா?"