திங்கட்கிழமை, ஏழரை முதல் ஒன்பது வரை

ராகுகாலம் பார்ப்பவர்களைக் கேலி செய்தே ஈஸ்ட்ஹாமில் நான் பெயரெடுத்திருந்தேன். சமையலறையில் மனைவி தொங்கவிட்டிருந்த நாட்கலண்டரைக் காட்டி, "ராகுவும் விசா எடுத்துத்தான் லண்டனுக்கு வந்தவரோ?" என்று கேட்பேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். தன் முறைக்காகக் காத்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். என் தம்பி சுவிஸில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, மலைமேல் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் எனக்குப் போன் எடுத்தான். செவ்வாய் காலை நகரத்தில் அவனுக்கு விசாரணை. போகாவிட்டால் விண்ணப்பம் அவ்வளவுதான். ஆனால் மூன்று நாளாக நல்ல வெயில். மலைச்சரிவில் மாரி முழுக்கக் குவிந்திருந்த பனி இளகத் தொடங்கியிருந்தது.

"பின்னேரத்திலை பனி இடிஞ்சு விழுற சத்தம் இஞ்சை வரைக்கும் கேக்குது அண்ணை. றோட்டைப் பூட்டிப்போட்டாங்கள். இரவுக் குளிரிலை பனி இறுகிடுமாம். அதாலை நாளைக்குக் காலமை ஏழரைக்குத் திறந்து ஒன்பதுக்குப் பூட்டுவாங்கள். அதுக்குள்ளை ஹோட்டல் வான் வண்டியிலை கீழை இறங்கிடுவன்."

நான் லண்டன் வாசற்படிப் பனிக்கே இரண்டு கையாலும் மதிலைப் பிடித்துக்கொண்டு நடப்பவன். என் கை, என்னைக் கேட்காமலே, ஞாயிற்றுத் தாளைத் தூக்கித் திங்களைப் பார்த்தது. ராகுகாலம்: ஏழரை முதல் ஒன்பது.

"டேய், ஒன்பதுக்குப் பிறகு வெளிக்கிடு."

"ஒன்பதுக்குப் பிறகு றோட்டு இல்லை அண்ணை."

"ஆரையாவது கேட்டுப் பார். மத்தியானம் நல்ல நேரம் இருக்கு."

"மத்தியானம் போனால் என்னைக் கிண்டித்தான் எடுக்கோணும். பொறுங்கோ, நீங்கள் என்ன, கலண்டரே பாக்கிறியள்?"

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு "ஓம்" என்றேன். அந்தப் பக்கம் அவன் சிரித்து முடியும்வரை என் காசுக்குத்தான் அவமானம் என்று நினைத்தேன். பிறகுதான் போன் எடுத்தது அவன், காசும் அவனுடையது என்று ஞாபகம் வந்தது.

"பனிக்கு ராகுகாலம் மத்தியானம் அண்ணை. ஊரிலை ஷெல்லடிக்கேக்கை நேரம் பாத்தோ ஓடினனாங்கள்? நான் போறன்." வைத்துவிட்டான்.

திரும்ப எடுத்தால் லைன் கிடைக்கவில்லை. மனைவியிடம் ஓடினேன். "நீயாவது மறிச்சுச் சொல்லு. உன்ரை கலண்டர்தானே சொல்லுது!"

அவள் சாவகாசமாகக் கையைத் துடைத்தாள். "திங்கட்கிழமையிலை நீங்கள் எத்தினை மணி பஸ்ஸிலை வேலைக்குப் போறனியள்?"

"ஏழே முக்கால்."

"எத்தினை வருசமா?"

"ஏழு."

"ராகு உங்களை என்ன செய்தவர்?"

கேட்டுவிட்டு ஞாயிறு, திங்கள் இரண்டு தாளையும் சேர்த்துக் கிழித்துக் குப்பைவாளிக்குள் போட்டாள். "போற பிள்ளையை மறிக்கிறதுதான் சகுனப்பிழை."

மறுநாள் விடிய ஆறு மணியிலிருந்து போனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். சுவிஸ் மணி எங்களைவிட ஒன்று கூட. அங்கே ஏழரை ஆனபோது போன் வேலை செய்கிறதா என்று தூக்கிப் பார்த்தேன். அங்கே எட்டானபோது தெய்வங்களின் பெயரெல்லாம் ஞாபகம் வந்தது, கேலி செய்தவை உட்பட. இங்கே ஏழே முக்கால் பஸ் நானில்லாமல் போனது. எட்டு மணிக்குப் போன் அடித்தது.

"கீழை வந்திட்டன் அண்ணை. கோப்பி குடிக்கிறன். நீங்கள் வேலைக்குப் போகேல்லையோ?"

"லீவு," என்றேன், பெரிய மனுசன் குரலில்.

செவ்வாய் பின்னேரம் மறுபடி எடுத்தான். விசாரணை முடிந்துவிட்டது, கேட்டதற்கெல்லாம் நிமிர்ந்திருந்து பதில் சொன்னானாம். வைக்கப் போகும்போதுதான் சொன்னான்: "நேற்று மத்தியானம் பனி இறங்கி றோட்டை மூடிப்போட்டுதாம். உங்கடை நல்ல நேரத்திலை."



ராகுகாலம் பார்ப்பவர்களைக் கேலி செய்வதை நான் இன்றும் விடவில்லை, விடவும் மாட்டேன். மனைவி பக்கத்தில் இருந்தால் மட்டும் "ஏழே முக்கால் பஸ்" என்பாள். உடனே கதையை மாற்றிவிடுவேன்.