மூதேவிக்கு உரிமையாளர்

திண்டிவனம் தாலுகா கச்சேரியில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, பக்கத்துக் கிராமத்துக் குடியானவர் ஒருவர் எனக்கு நன்கு பழக்கம். அவருக்கும் அவருடைய பங்காளிக்கும் பொதுவான வரப்பில் ஒரு மூதேவி சிலை இருந்தது. உயரம் மூன்றடிக்கு இரண்டு விரற்கடை குறைவு, நானே அளந்திருக்கிறேன். இரு பக்கமும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைதான். எந்தப் பக்கம் விளைச்சல் குறைந்ததோ, அந்தப் பக்கத்துக்காரர் கடப்பாறையோடு வந்து சிலையை மற்றவர் நிலத்துக்குள் நெம்பித் தள்ளுவார். அடுத்த போகத்தில் அது திரும்பி வரும். நான் அறிய ஆறு வருஷத்தில் ஒன்பது முறை இடம் மாறிற்று. அந்தக் கிராமத்தில் இவ்வளவு ஒழுங்காக நடந்த வேலை வேறில்லை.

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு, சென்னை மியூசியத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். பல்லவர் காலத்துச் சிலை என்று வியந்து, வைக்கோல் சுற்றி ரயிலேற்றிக் கொண்டுபோனார். மாட்டுவண்டி ஸ்டேஷன் போய்ச் சேருவதற்குள் இருவருக்கும் சிலைமேல் உரிமை பிறந்துவிட்டது.

"என் நெலத்து சாமிங்க அது. அவன் இன்னாடான்னா தன்னுதுன்னு சந்தையில பேசிக்கினு திரியிறான். அங்க என் பேர எழுதி வெக்கணும். நீங்க கூட வரணும் ஐயா" என்று குடியானவர் ஒரு மாதம் என்னை விடவில்லை.

ஒருநாள் லீவு போட்டு மியூசியத்துக்கு அழைத்துப்போனேன். கல்யாணத்துக்குக் கட்டும் தலைப்பாகையோடு வந்தார். கழுவித் துடைத்துப் பீடத்தில் வைத்திருந்த சிலையை அவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

"இவ்ளோ லட்சணமாவா இருந்தா?"

கீழே இருந்த அட்டையைப் படித்துச் சொன்னேன். பல்லவர் காலம், தென்னார்க்காடு ஜில்லா. அவ்வளவுதான்.

"ஜில்லாவா மல்லாட்டை போட்டுது?" என்றார் கோபமாக.

அதிகாரியைப் பார்த்தோம். அவர் நல்ல மனிதர். "தாராளமாகப் போடலாம்" என்று புது அட்டையில் எழுதிக் கொடுத்தார். குடியானவருக்குப் படிக்கத் தெரியாது. சத்தமாகப் படிக்கச் சொன்னார், படித்தேன்.

"மூதேவி. நிலத்துக்கு உரியவர்..." பிறகு அவர் பெயர், தகப்பனார் பெயர்.

அருகே நின்ற இரண்டு பெண்கள் அவரைத் தலைப்பாகை முதல் கால்வரை பார்த்துவிட்டு, தூணுக்கு அந்தப் பக்கம் போனார்கள்.

"அப்படியேவா படிப்பாங்க?" என்றார் மெதுவாக.

"அப்படியேதான்."

"தெனமுமா?"

"வெள்ளிக்கிழமை கதவு சாத்தியிருக்கும்" என்றேன்.

"பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு கீறேன் ஐயா" என்று என் காதில் சொன்னார். பிறகு அதிகாரி பக்கம் திரும்பி, "சாமி முன்னால பொய் சொல்லக் கூடாதுங்க. பங்காளி நெலம்தான் அது" என்றார்.

அதிகாரி வேறு அட்டை எடுத்தார். குடியானவர் பங்காளியின் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர் எல்லாம் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பிழை இருக்கக் கூடாதென்று என்னை இரண்டு முறை படிக்க வைத்தார்.

"ஊரையும் சேத்து எழுதுங்க. அதே பேருல மயிலத்துல ஒருத்தர் கீறாரு. பாவம், நல்ல மனுசன்."